செல் சவ்வும் உடல்நலமும்: எப்பொருள் எவ்வழியே நம் உடலுக்குள் நுழைகிறது?

முன்னுரை

சென்னை மாநகராட்சியின் இரண்டாம் மண்டலமாகிய மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம், பெட்ரோலிய வேதிப்பொருள் ஆகிய தொழில்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வருகின்றன. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலுடன் வந்த பெருமழையின்போது, மணலிப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் கொண்ட பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். வெள்ளம் வடியும் நாள்களில் வயிற்றுப்போக்கு நோய்கள் பரவும் இடரும் இப்பகுதிக்கு உண்டு.

எண்ணெய், வாயு, அசுத்த நீர் ஆகிய மூன்றும் வெவ்வேறு சிக்கல்களாகத் தோன்றும். எனினும் இவை உடலைத் தாக்கும் இடம் ஒன்றே. ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்திருக்கும் செல் சவ்வே அவ்விடம். ஒரு பொருள் இச்சவ்வை எவ்வாறு கடக்கிறது என்பதை அறிந்தால், எந்தப் பாதுகாப்பு எதற்குப் பயன்படும் என்பது விளங்கும். அதனை எளிமையாக விளக்குவதே இப்பக்கத்தின் நோக்கம்.

செல் சவ்வு என்றால் என்ன?

செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ ஏழு அல்லது எட்டு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாகப் பிரித்தால், அவற்றுள் ஏழெட்டுக் கூறுகளின் அளவே இது. சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. இம்மூலக்கூறுகளின் தலைப்பகுதி நீரை நாடும். வால்பகுதி நீரை விலக்கும். எனவே தலைகள் வெளிப்புறமும் உட்புறமும் உள்ள நீரை நோக்கியும், வால்கள் நடுவிலும் அமைகின்றன. இந்த இரட்டை அடுக்கு அமைப்பை 1925ஆம் ஆண்டில் கோர்ட்டர், கிரெண்டல் ஆகியோர் முன்மொழிந்தனர். அடுக்குகளுக்கிடையே புரதங்கள் மிதந்து நகர்வதைக் காட்டும் விளக்கத்தை 1972ஆம் ஆண்டில் சிங்கர், நிக்கல்சன் ஆகியோர் அளித்தனர்.

இவ்வமைப்பிலிருந்து ஒரு முக்கிய உண்மை பெறப்படுகிறது. சவ்வு ஒரு பொருளின் நன்மை தீமையை ஆராய்வதில்லை. அப்பொருளின் அளவு, மின்னூட்டம், வடிவம், கொழுப்பில் கரையும் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தே அது வழி விடுகிறது. உயிர் காக்கும் பொருள் நுழையும் வாயில் வழியே, அதனை ஒத்த நச்சுப்பொருளும் நுழைய இயலும்.

பொருள்கள் நுழையும் வழிகள்

1. எளிய பரவல்

செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்திற்குப் பொருள் தானாகப் பரவுவது இது. செல்லின் ஆற்றல் இதற்குத் தேவையில்லை. ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு போன்ற சிறிய, மின்னூட்டமற்ற மூலக்கூறுகளும் கொழுப்பில் கரையும் பொருள்களும் இவ்வழியே கடக்கின்றன.

நுரையீரலின் காற்றுப்பைகளுக்கும் இரத்த நுண்குழல்களுக்கும் இடையிலுள்ள சுவரின் தடிமன், மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. மூச்சு வாங்கிய நொடியிலேயே ஆக்சிஜன் இரத்தத்தில் கலப்பதற்கு இது காரணம். பென்சீன் போன்ற கொழுப்பில் கரையும் ஆவிகளும் இதே விரைவில் கலக்கின்றன. அவற்றைத் தடுத்து நிறுத்தும் கதவு எதுவும் அங்கில்லை. நீண்ட காலம் உட்செல்லும் பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். இதனாலேயே 2009ஆம் ஆண்டின் தேசிய காற்றுத் தரநிலைகள், காற்றில் பென்சீனின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என வரையறுத்துள்ளன.

தோலின் மேலடுக்கு இறந்த செல்களாலும் அவற்றுக்கு இடையே நிறைந்துள்ள கொழுப்பாலும் ஆனது. நீரில் கரையும் பொருள்களை அது நன்கு தடுக்கும். எண்ணெய்க் கழிவிலுள்ள கொழுப்பில் கரையும் பொருள்களை அவ்வளவாகத் தடுக்க இயலாது. கையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் கழுவும் வழக்கம் தொழிலாளரிடையே உள்ளது. மண்ணெண்ணெய் தோலின் இயற்கைக் கொழுப்பையும் கரைத்துவிடுவதால், அத்தடுப்பு மேலும் வலுவிழக்கிறது.

2. சவ்வூடுபரவல்

கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் சவ்வின் வழியே செல்வது சவ்வூடுபரவல் எனப்படும். நீர் பெருமளவில் செல்வதற்கென அக்வாபோரின் என்னும் புரதக் குழாய்கள் சவ்வில் உள்ளன. இவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஒரு குழாயின் வழியே நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் செல்ல முடியும்.

கடல்நீரைக் குடித்தால் தாகம் தணியாமல் பெருகுவது இதனாலேயே. அதிலுள்ள மிகுதியான உப்பு, செல்களிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு முதல் இயங்கும் கடல்நீர்க் குடிநீர் நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. அங்குச் செயற்கைச் சவ்வின் வழியே உயர் அழுத்தத்தில் கடல்நீரைச் செலுத்தி, நீரின் இயல்பான திசையை மாற்றி, உப்பைப் பின்னே நிறுத்துகின்றனர். உடலில் அத்தகைய அழுத்தக் கருவி கிடையாது. நீர் எப்போதும் கரைபொருளைப் பின்தொடர்ந்தே செல்லும். வயிற்றுப்போக்கு மருத்துவத்தின் அடிப்படையும் இதுவே.

3. வாயில் புரதங்கள் வழியே நுழைதல்

குளுக்கோசு, சோடியம், பொட்டாசியம், கால்சியம், அமினோ அமிலங்கள் ஆகியன நீரில் கரைபவை. கொழுப்பு அடுக்கை அவற்றால் நேரடியாகக் கடக்க முடியாது. அவற்றுக்கெனத் தனித்தனிப் புரதங்கள் சவ்வில் அமைந்துள்ளன. தசை, கொழுப்புச் செல்களில் குளுக்கோசுக்கான புரதங்களுள் பெரும்பகுதி செல்லின் உள்ளே ஒதுங்கியிருக்கும். இன்சுலின் வந்து பணித்தால்தான் அவை சவ்வுக்கு வந்து சேரும். நீரிழிவு நோயில் இவ்வேற்பாடு குன்றுவதால், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் செல்கள் பட்டினி கிடக்கின்றன.

4. ஆற்றலைச் செலவிட்டுக் கடத்துதல்

செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு ஒரு பொருளை ஏற்ற வேண்டுமானால் செல் ஆற்றலைச் செலவிட வேண்டும். சோடியம்–பொட்டாசியம் பம்பு இதற்குச் சிறந்த சான்று. டென்மார்க் நாட்டு அறிஞர் ஜென்ஸ் ஸ்கோ 1957ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். இப்பம்பு ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. நாம் ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்பணிக்கே செல்கிறது. இதன் பயனாகச் செல்லின் உட்புறம் சோடியம் எப்போதும் குறைவாகவும் வெளிப்புறம் மிகுதியாகவும் இருக்கும்.

5. விழுங்குதல்

புரதங்களின் வழியே நுழைய இயலாத பெரும் துகள்களைச் செல் தன் சவ்வால் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நுரையீரலில் காவல் செல்கள் கிருமிகளையும் தூசியையும் இவ்வாறு விழுங்கி அழிக்கின்றன. ஆனால் சிலிக்கா போன்ற கனிமத் துகளைச் செரிக்க அவற்றால் இயலாது. துகளை விழுங்கிய செல் மடிகிறது. வெளிப்பட்ட துகளை மற்றொரு செல் விழுங்கி அதுவும் மடிகிறது. இது தொடரும்போது நுரையீரலில் தழும்பு உருவாகி மூச்சுக் கொள்ளளவு குறைகிறது. நுண்ணிய தூசி எழும் இடங்களில் பணிபுரிவோர் தகுந்த முகக்கவசம் அணிய வேண்டியதன் காரணம் இதுவே.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்து உயிர் காப்பது எவ்வாறு?

காலரா நோயில் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. கிருமி வெளியிடும் நச்சுப்பொருளே அதற்குக் காரணம் என்பதைக் கல்கத்தாவில் சம்பு நாத் டே 1959ஆம் ஆண்டில் நிறுவினார். அந்நச்சு, குடல் செல்லின் சவ்வில் ஒட்டிக்கொண்டு, செல்லின் விழுங்கும் வழியையே பயன்படுத்தி உள்ளே செல்கிறது. பின்னர்க் குளோரைடு வெளியேறும் வாயில்களைத் திறந்தே வைக்கிறது. குளோரைடைப் பின்தொடர்ந்து சோடியமும், அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. இந்நிலையில் நோயாளிக்கு வெறும் நீரை மட்டும் கொடுத்தால் இழப்பு ஈடாவதில்லை.

எனினும் குடல் செல்லில் மற்றொரு வாயில் சேதமின்றி இயங்கிக்கொண்டிருக்கும். அது குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே எடுக்கும் புரதம். ஒரு குளுக்கோசு மூலக்கூறுடன் இரண்டு சோடியம் அயனிகள் செல்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. இவ்விணைக் கடத்தலை 1960ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் விளக்கினார். உப்பு தனித்தோ சர்க்கரை தனித்தோ இவ்வாயிலை நன்கு திறப்பதில்லை.

1971ஆம் ஆண்டில் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலைப் பெரும் கலன்களில் தயாரித்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். அதுவரை 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. உலகெங்கும் இன்று வழங்கப்படும் ஓ.ஆர்.எஸ். கரைசல் பரவலான ஏற்பைப் பெறுவதற்கு அம்முகாம் அனுபவம் பெரிதும் உதவியது. மகலனாபிஸுக்கு 2023ஆம் ஆண்டில், அவரது மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

2002ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில், ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் சமையல் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு ஆகியன உள்ளன. இவ்வளவை மாற்றலாகாது. சர்க்கரை மிகுந்தால் உறிஞ்சப்படாத சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை மிகுதிப்படுத்தும். குளிர்பானங்களை ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்றாகக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

காரீயம்: சத்தின் வாயிலில் நுழையும் நஞ்சு

பழைய வண்ணப்பூச்சு, முறையற்ற மின்கல மறுசுழற்சி, மாசடைந்த மண், தூசி ஆகியவற்றிலிருந்து காரீயம் உடலுக்குள் செல்லலாம். உடலில் காரீயத்துக்கெனத் தனி வாயில் இல்லை. குடலில் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ளும் புரதமும், கால்சியம் செல்லும் வழிகளும் காரீயத்தைத் தவறுதலாக ஏற்றுக்கொள்கின்றன. மூளைக்குள்ளும் எலும்புக்குள்ளும் அது கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கிறது.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உடலில் இரும்புச்சத்து குறைந்தால், இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்ளக் குடல் தன் இரும்பு வாயில்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அவ்வாயில்களின் வழியே காரீயமும் கூடுதலாக நுழைகிறது. ஒரே தெருவில், ஒரே தூசியில் விளையாடும் இரு குழந்தைகளுள் இரத்தசோகை உள்ள குழந்தை மிகுதியான காரீயத்தை உட்கொள்ள நேரிடும். மேலும், விழுங்கப்படும் காரீயத்தில் சிறு குழந்தைகளின் உடல் ஏற்கும் பங்கு, பெரியவர்களின் உடல் ஏற்பதைப்போல நான்கு முதல் ஐந்து மடங்கு ஆகும். இரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என எதுவும் அறியப்படவில்லை. குழந்தைகளின் கற்றல் திறனையும் நடத்தையையும் அது பாதிக்கும்.

எனவே தொழிற்பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் இரும்புச்சத்து நிறைந்த உணவு என்பது இரத்தசோகைக்கான மருந்து மட்டுமன்று. நச்சு உலோகத்துக்கு எதிரான காப்பும் ஆகும். மாசின் மூலத்தை அகற்றுவதற்கு இது மாற்றாகாது. ஆனால் மூலம் அகற்றப்படும் வரை குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரு காப்பு இது.

அம்மோனியா: சவ்வையே சிதைக்கும் வாயு

மேற்கூறிய பொருள்கள் சவ்வைக் கடந்து செல்கின்றன. அம்மோனியா மிகுதியாகப் பட்டால் சவ்வையே அழிக்கிறது. கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்து அது காரமாக மாறுகிறது. அக்காரம் சவ்வின் கொழுப்புடன் வினைபுரிந்து அதனைச் சவர்க்காரம் போன்ற பொருளாக மாற்றுகிறது. சவ்வு கரைய, காரம் மேலும் ஆழத்திற்குச் செல்கிறது. ஈரமான உறுப்புகளே முதலில் எரிவதற்கும், கண்ணை உடனே நீண்ட நேரம் கழுவ வேண்டியதற்கும் இதுவே காரணம். மிகுதியான நீர் காரத்தை நீர்த்துப்போகச் செய்து, அடுத்த அடுக்குச் செல்களைக் காக்கிறது.

செய்ய வேண்டியவை

*வயிற்றுப்போக்கின்போது*

- ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுமையாக ஒரு லிட்டர் தூய நீரில் கரைக்கவும். 24 மணி நேரத்துக்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிடவும்.
- பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம்.
- ஒவ்வொரு முறை வயிறு போன பின்னும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர், இரண்டு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி லிட்டர் வீதம் சிறிது சிறிதாகப் புகட்டவும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகக் கொடுக்கவும்.
- தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது.
- சுகாதாரப் பணியாளரின் அறிவுரைப்படி துத்தநாக மாத்திரையை 14 நாள்களும் தவறாது கொடுக்கவும்.

*வாயுக் கசிவின்போது*

- காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விரைந்து விலகிச் செல்லவும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளவும்.
- எரிச்சலுள்ள கண்களைத் தூய நீரால் குறைந்தது 15 நிமிடங்கள் தொடர்ந்து கழுவவும். கண்களைக் கசக்கலாகாது.
- வாயு பட்ட ஆடைகளைக் களைந்து உடலை நீரால் கழுவவும்.

*எண்ணெய்க் கழிவைக் கையாளும்போது*

- எண்ணெய் புகாத கையுறையும் காலுறையும் இன்றி இறங்கலாகாது.
- தோலில் படிந்த பிசுக்கைத் தேங்காய் எண்ணெய் தடவி இளக்கித் துடைத்த பின், சோப்பும் நீரும் கொண்டு கழுவவும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ பயன்படுத்தலாகாது.

*அன்றாட வாழ்வில்*

- கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு வகைகள், கொண்டைக்கடலை ஆகியவற்றை உணவில் சேர்க்கவும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியன இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதற்கு உதவும். உணவுடன் தேநீர் பருகுவது அதனைக் குறைக்கும்.
- பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வழங்கப்படும் இரும்புச்சத்து, குடற்புழு நீக்க மாத்திரைகளைக் குழந்தைகள் உட்கொள்வதை உறுதி செய்யவும்.
- உண்ணும் முன் கைகளைச் சோப்பால் கழுவவும். வீட்டுத் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது தூசியைக் குறைக்கும். பணியிட உடையை வீட்டு உடைகளுடன் சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

- குழந்தை சோர்ந்து மயங்குதல், கண்கள் குழிவிழுதல், சிறுநீர் வெகுவாகக் குறைதல், எதையும் குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம்
- வாயு பட்ட பின் மூச்சுத்திணறல், குரல் கம்முதல், பார்வை மங்குதல். முதலில் குறைந்த மூச்சுத்திணறல் சில மணி நேரத்துக்குப் பின் மீண்டும் மிகலாம். அப்போதும் உடனே செல்ல வேண்டும்.
- எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ குழந்தை விழுங்கியிருத்தல். வாந்தி எடுக்கச் செய்யலாகாது. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றுவிடும்.

அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அது பயனற்றதா?

இல்லை. ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தன்று. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்து, உடல் நோயை வெல்லும் வரை உயிரைக் காப்பதே அதன் பணி. எனவே தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

சாதாரணத் துணி முகமூடி பென்சீன், அம்மோனியா ஆகியவற்றைத் தடுக்குமா?

தடுக்காது. துணி பெருந்துகள்களை ஓரளவு தடுக்கும். வாயு மூலக்கூறுகள் அதனூடே சென்றுவிடும். கசிவின்போது ஈரத்துணி அம்மோனியாவின் ஒரு பகுதியைக் கரைத்துக்கொள்வதால், விலகிச் செல்லும் சில நிமிடங்களுக்கு மட்டும் உதவும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் காரீயம் நீங்குமா?

நீங்காது. கொதிக்க வைத்தல் கிருமிகளை அழிக்கும், உலோகங்களை அகற்றாது. நீர் ஆவியாகிக் குறைவதால் உலோகத்தின் செறிவு சற்றுக் கூடவும் கூடும். உலோக மாசு பற்றிய ஐயம் இருப்பின் நீரை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும்.

என் குழந்தைக்குக் காரீயப் பாதிப்பு உள்ளதா என்பதை எவ்வாறு அறிவது?

அறிகுறிகளை மட்டும் கொண்டு அறிய இயலாது. தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தோன்றாமலிருக்கலாம். மின்கலம், உலோகம், வண்ணப்பூச்சு சார்ந்த தொழில் வீட்டிலோ அருகிலோ நடைபெற்றால் மருத்துவரிடம் அதனைத் தெரிவித்து, இரத்தத்தில் காரீய அளவையும் இரத்தசோகையையும் சேர்த்துச் சோதிப்பது குறித்துக் கேட்கவும்.

நினைவில் கொள்க

செல் சவ்வு நல்லது தீயது அறிந்து வாயிலைத் திறப்பதில்லை. அவ்வாயில்களைச் சத்துகளுக்கு உரியதாக்குவதும், நச்சு அவற்றின் அருகே வாராமல் தடுப்பதும் நம் பொறுப்பு. குழந்தைக்கு நாள்தோறும் இரும்புச்சத்துள்ள உணவும், வீட்டில் எப்போதும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.